‘ஆமாம்’ என்றால் எதற்கு ஆமாம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் எங்கள் ஆலயத் திருப்பணிக் குழுவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு சொல்: "ஆமாம்." எழுதியவர் பொருளாளர். எதற்கு ஆமாம்? அன்னதானத்திற்கா, கூரைக்குச் சாயம் பூசுவதற்கா, சென்ற ஆண்டுக் கணக்கை மறுபடியும் பார்ப்பதற்கா? மூன்றும் அந்த வாரம் பேச்சில் இருந்தன. கடைசியில் தொலைபேசியில் அழைத்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுநாள் செயலாளரிடமிருந்து இன்னொரு மடல். அதில் "நன்றி" என்ற சொல் மேலே. கீழே, இரண்டு மாதமாக நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் வால்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருவர் ஒன்றுமே காட்டவில்லை. இன்னொருவர் எல்லாவற்றையும் காட்டிவிட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று உலகத்தில் சிலர் ஐம்பது ஆண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நிகழ்ச்சி தொடங்குமுன் நடத்துநர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் மேல்நாட்டார் வகுத்த மேசை நாகரிகம் போன்றதுதானே ஐயா? கரண்டியை இந்தப் பக்கம் வை, கத்தியை அந்தப் பக்கம் வை என்பதுபோல?" என்றார். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், மின்னஞ்சலில் பதில் எழுதும் முறைகளில் பல மரியாதைக்காகப் பிறந்தவை அல்ல. இயந்திரம் மெதுவாக ஓடியதால் பிறந்தவை.

பதில் போட ஒரு கட்டளை

1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், பிபிஎன் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் வலையமைப்பு மின்னஞ்சலை அனுப்பினார். பெயரையும் கணினியையும் பிரிக்க இன்று நாம் பயன்படுத்தும் ‘@’ குறியைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. அந்த முதல் மடலில் என்ன எழுதினோம் என்பது தமக்கே நினைவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

அப்போது மடல் அனுப்பலாம். ஆனால் பதில் போடத் தனியாக ஒரு வசதி கிடையாது. வந்த மடலைப் படித்துவிட்டு, புதிதாக ஒரு மடலைத் தொடங்கி, முகவரியை மறுபடியும் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். 1972இல் லாரி ராபர்ட்ஸ் எழுதிய நிரல் வரும்வரை, வந்த மடல்களில் வேண்டியதை மட்டும் எடுத்துப் படிப்பதுகூட எளிதாக இல்லை. எல்லாம் ஒரே சுருளாக ஓடி வரும்.

1975இல் ஜான் விட்டல் என்பவர் ‘எம்எஸ்ஜி’ என்ற நிரலை எழுதினார். அதில் ‘ஆன்சர்’ என்று ஒரு கட்டளை இருந்தது. அதைக் கொடுத்தால், யார் எழுதினாரோ அவருக்கே பதில் போகும்படி முகவரி தானாக அமையும். இன்று நாம் விரல் நுனியால் தொடும் ‘ரிப்ளை’ பொத்தானுக்கு மூத்த அண்ணன் அதுதான். கேட்பதற்குச் சிறிய வசதியாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகுதான் மின்னஞ்சல் தந்தி போன்ற ஒன்றாக இருந்ததை விட்டு உரையாடலாக மாறியது என்பது என் கருத்து.

அதே 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் ஆய்வு அமைப்பான ஆர்ப்பாவில் இருந்த ஸ்டீவ் வாக்கர், ‘எம்எஸ்ஜிகுரூப்’ என்ற மடற்குழுவைத் தொடங்கினார். ஒருவர் எழுதினால் குழுவில் உள்ள அனைவருக்கும் போகும். ஐனார் ஸ்டெஃபெருட் என்பவர் அதை ஒருங்கிணைத்தார். அவர்கள் அதில் பேசியது எதைப் பற்றித் தெரியுமா? மின்னஞ்சலைப் பற்றித்தான்! மடலின் தலைப்பகுதியில் எத்தனை வரி இருக்கலாம், யார் யார் பெயர் வர வேண்டும் என்று மாதக்கணக்கில் வாதாடினார்கள். கடிதம் இரண்டு வரி, அதன் தலைப்பகுதி பத்து வரி என்றால் எரிச்சல் வராதா? அந்த வாதங்களின் நடுவேதான் 1977 நவம்பரில் மின்னஞ்சலின் அமைப்பை வரையறுத்த ‘ஆர்எஃப்சி 733’ என்ற ஆவணம் வெளிவந்தது. 1982இல் அதன் இடத்தை ‘ஆர்எஃப்சி 822’ பிடித்தது. இந்த மடல் எந்த மடலுக்குப் பதில் என்று குறிப்பதற்குத் தலைப்பகுதியிலேயே ஒரு தனி வரியை அவை வைத்திருந்தன. எங்கள் பொருளாளர் பிறந்தபோதே அவருக்குத் தேவையான வரி தயாராக இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நொடிக்கு முப்பது எழுத்து

அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகக் கணினியைத் தொடர்புகொண்டவர்களுக்கு நொடிக்கு 300 பிட் வேகம் கிடைத்தது. எழுத்துக் கணக்கில் நொடிக்கு முப்பது. திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு திரை நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முழுக் கடிதத்தையும் மேற்கோளாக ஒட்டி, அடியில் "ஆமாம்" என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்தச் சொல் வந்து சேரும்வரை படிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைபேசிக் கட்டணம் வேறு ஏறிக்கொண்டிருக்கும்.

தேவையான வரியை மட்டும் வைத்துக்கொள், மற்றதை வெட்டு, உன் பதிலை அந்த வரிக்குக் கீழே எழுது என்ற வழக்கம் ஊன்றிக்கொண்டதற்கு இந்த நிலைமை ஒரு பெரிய காரணம். மேற்கோள் வரிகளின் முன்னால் ‘>’ என்ற குறி வந்தது. பதிலுக்குப் பதில் என்றால் இரண்டு குறி; அதற்கும் பதில் என்றால் மூன்று.

இந்தக் குறிக்கும் இடம் வேண்டும் அல்லவா? வரி முழுவதையும் எண்பது எழுத்தால் நிரப்பிவிட்டால், அடுத்தவர் மேற்கோள் காட்டும்போது வரி உடைந்து, ஒரு சொல் மட்டும் அடுத்த வரியில் தனியாக நிற்கும். நான்கு பேர் பதில் எழுதியபின் அந்தப் பத்தி பல் விழுந்த சீப்புபோல் ஆகிவிடும். வரியை 65 எழுத்துக்குள் நிறுத்து என்று பின்னாளில் வந்த விதிக்குப் பொருள் இதுதான். எண்பதில் அறுபத்தைந்து போனால் பதினைந்து. குறியும் இடைவெளியுமாக ஏழு சுற்றுப் பேச்சுக்குத் தாங்கும். அந்த எண்பதும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1928இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த துளை அட்டைக்குப் போய்ச் சேர்கிறது. அதில் எண்பது நிரல்கள். அட்டை போனபிறகும் அதன் அகலம் போகவில்லை.

முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாகப் பொருள் என்பார்கள். இதற்கும் ஒரு பின்கதை உண்டு. பழைய டெலிடைப் 33 வகை இயந்திரத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே இருந்தது. அதில் எழுதியவர் எல்லாரும் கத்தவில்லை, வேறு வழியில்லை. சிறிய எழுத்தும் கிடைத்தபிறகுதான், பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர் வேண்டுமென்றே குரலை உயர்த்துகிறார் என்று ஆயிற்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாம் கத்துவதற்கு ஆச்சரியக்குறியை வரிசையாக அடுக்குகிறோம்.

குரல் இல்லாத கடிதத்தில் கேலியும் கோபமும் பிரித்தறிய முடியாது என்பதையும் அவர்கள் சீக்கிரமே உணர்ந்தார்கள். 1979 ஏப்ரலில் கெவின் மெக்கென்சி என்பவர் எம்எஸ்ஜிகுரூப்பில் இதைச் சொல்லி, விளையாட்டாகச் சொல்வதைக் காட்ட ஒரு குறியை முன்மொழிந்தார். அது எடுபடவில்லை. 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் எழுதிய நகைச்சுவையை உண்மை என்று சிலர் எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. அதன் தொடர்ச்சியாக செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் அங்கிருந்த மின்னறிவிப்புப் பலகையில் சிரிப்புக் குறியை எழுதினார். நாம் அனுப்பும் மஞ்சள் முகங்களுக்கு அதுவே முன்னோடி. அந்த மூல மடல் இருபது ஆண்டுகள் காணாமல் கிடந்து, 2002இல் பழைய காப்பு நாடாக்களிலிருந்து தேடி எடுக்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

விதிகள் எழுத்தில் வந்த கதை

1980இல் இயங்கத் தொடங்கிய யூஸ்நெட் என்ற செய்திக்குழு வலையில் ஒரு கண்டிப்பு இருந்தது. புதிதாக எழுதியதைவிட மேற்கோள் அதிகமாக இருந்தால், அதன் நிரல் மடலை ஏற்க மறுத்துவிடும். நல்ல விதிதான். ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? பொருளற்ற வரிகளைச் சேர்த்துப் புதிய பகுதியை நீட்டினார்கள். மேற்கோள் குறியை வேறொரு குறியாக மாற்றி இயந்திரத்தை ஏமாற்றினார்கள். மடல்கள் முன்னிலும் நீளமாயின.

1993 வாக்கில் வணிக இணையச் சேவைகள் பொதுமக்களை அழைத்து வந்தபோது பழையவர்கள் திணறிப்போனார்கள். அதுவரை ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய மாணவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு வருவார்கள். ஓரிரு மாதத்தில் முறைகளைக் கற்றுக்கொள்வார்கள். இப்போது நாள்தோறும் ஆயிரக்கணக்கில் புதியவர்கள். கற்றுக்கொடுப்பது யார்? 1995 அக்டோபரில் இண்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ‘ஆர்எஃப்சி 1855’ அந்தச் சூழ்நிலையில் வெளிவந்தது. கையொப்பப் பகுதி நான்கு வரிக்கு மேல் வேண்டாம், முழு மடலையும் மேற்கோள் காட்டாதே, கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு கழித்து அனுப்பு என்றெல்லாம் அதில் உண்டு. தனிமடல் தவறிக் குழுவுக்குப் போய்விட்டால், அந்த நபரிடமும் குழுவிடமும் மன்னிப்புக் கேள் என்றும் இருக்கிறது. இந்தக் கடைசி விதி என் வாழ்க்கையில் புகுந்த கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

விதி வந்த வேகத்திலேயே அதைக் கவிழ்க்கும் வழக்கமும் வந்தது. 1990களின் பிற்பகுதியில் அலுவலகங்களில் பரவிய மின்னஞ்சல் நிரல்கள், பதில் எழுதும் இடத்தை மேலே வைத்து, பழைய மடல் முழுவதையும் கீழே தொங்கவிட்டன. பழையவர்கள் இதைப் பெருங்குற்றமாகக் கண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசாங்க அலுவலகக் கோப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புதிய கடிதம் மேலே, பழையவை அடியில். நடுவில் சேரும் ஒருவர் அடியிலிருந்து படித்துப் புரிந்துகொள்ளலாம். இருவர் நடத்தும் அலுவலகக் கடிதத்துக்கு அது பொருந்தும். ஐந்நூறு பேர் கூடிப் பேசும் இடத்துக்குத்தான் பொருந்தாது.

எல்லாருக்கும் பதில் அனுப்பும் பொத்தான் என்ன செய்யும் என்பதை 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அனுபவித்தது. ஏறத்தாழ 13,000 ஊழியர்களின் பெயர் இருந்த ஒரு பட்டியலுக்கு ஒருவர், "என் பெயரை நீக்குங்கள்" என்று எழுதினார். "என் பெயரையும்" என்று பலர் எல்லாருக்கும் பதில் அனுப்பினார்கள். "எல்லாருக்கும் பதில் அனுப்பாதீர்கள்" என்று சொல்ல வந்தவர்களும் எல்லாருக்கும்தான் அனுப்பினார்கள்! ஏறக்குறைய 15 மில்லியன் மடல்கள் உருவாகி அஞ்சல் அமைப்பே தள்ளாடியது.

தமிழுக்கு நேர்ந்த தனிச் சிக்கல்

இந்த விதிகள் தமிழ் மடற்குழுக்களுக்கு வந்தபோது வேறொரு கோலம் பூண்டன. இதில் நம் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1990களின் நடுப்பகுதியில், ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மலேசியத் தமிழரான பாலா பிள்ளை ‘தமிழ்.நெட்’ மடற்குழுவைத் தொடங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ மென்பொருள், தமிழ் எழுத்திலேயே மடல் எழுத வழி செய்தது. அதற்கு முன் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அப்போது எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் மாறியது. சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருந்தன. அவற்றில் மேற்கோள் குறியான ‘>’ கூடக் கால்புள்ளியாகவோ வேறோர் எழுத்தாகவோ தெரியும்! யார் சொன்னது, யார் பதில் என்று பிரிப்பது எப்படி? வந்த மடல் ஓர் எழுத்துருவில், நம் பதில் இன்னோர் எழுத்துருவில் என்றால், ஒரு பாதி தமிழாகவும் மறு பாதி கரப்பான்பூச்சி ஓடியதுபோலவும் இருக்கும். அலங்காரம் இல்லாத வெற்று மடலில் ஓர் எழுத்துருதான் காட்ட முடியும். மேல்நாட்டுக் குழுக்களில், நிறமும் எழுத்துருவும் சேர்த்த அலங்கார மடல் அனுப்பினால் திட்டு விழும். நமக்கோ, எழுத்துருவின் பெயரையும் சேர்த்து அனுப்பும் அந்த அலங்கார மடல்தான் பல வேளைகளில் தமிழைத் தமிழாகக் காட்டியது. அவர்களுக்கு ஆடம்பரமாக இருந்தது நமக்கு அவசியமாக இருந்தது. அன்று இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இதற்கு ஒரு தீர்வாக, ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியிலும் தமிழை மேற்பாதியிலும் வைத்த ‘திஸ்கி’ குறியாக்கம் உருவானது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மடலுக்கு மடல் பதில் எழுதி விவாதித்தே அதை வடிவமைத்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியதும் இப்படி மடல் வழியாகக் கூடிய தன்னார்வலர்களைக் கொண்டுதான். பின்னர் யூனிகோடு பரவியதும் எழுத்துருச் சண்டை அடங்கியது. ஆனாலும் பழைய அஞ்சல் வழிக்காக மடலை மாற்றி எழுதும் ஒரு முறையில், ‘க’ என்ற ஓர் எழுத்து ஒன்பது குறிகளாக நீளும். ‘கோ’ என்றால் பதினெட்டு. அந்த மாற்றம் திரும்பச் சரியாக நடக்காவிட்டால், தமிழ் மடல் முழுவதும் சமக்குறிகளாக வந்து விழும். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இனி என் கதை. 2000களின் தொடக்கத்தில் நான் ஓர் இலக்கிய மடற்குழுவில் இருந்தேன். அங்கே ஒரு பெரியவர் நீண்ட மடல்கள் எழுதுவார். ஒரு நாள் நண்பர் ஒருவருக்கு, "இவர் எழுதுவதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும்" என்று எழுதினேன். தனிமடல் என்று நினைத்துத்தான் எழுதினேன். அந்தக் குழுவில் ‘ரிப்ளை’ என்றால் குழுவுக்கே போகும்படி அமைத்திருந்தார்கள். போய்விட்டது. ஓர் இரவு முழுவதும் தூக்கம் இல்லை.

விதிப்படி அவரிடமும் குழுவிடமும் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் பெரியவரிடமிருந்து குழுவுக்குப் பதில் வந்தது. என்மேல் கோபமே இல்லை. "தம்பி சொன்னது சரிதான்" என்று தொடங்கி, தாம் ஏன் நீளமாக எழுத நேர்கிறது என்பதைச் சொல்லியிருந்தார். தோட்டத்தில் வளர்ந்த காலம், கடிதம் எழுதத் தெரியாத கங்காணிக்காகவும் கூலிகளுக்காகவும் சிறுவனாக இருந்தபோது ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது, அவர்கள் சொன்னதில் எதையும் விட்டுவிடக் கூடாது என்று தாயார் கண்டித்தது எல்லாம் அதில் இருந்தன. நான் அந்த மடலிலிருந்து ஒரே ஒரு வரியை மேற்கோள் காட்டி, மற்றதை முறைப்படி வெட்டி, நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். நல்ல பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மடற்குழுக்களின் காலம் முடிந்தது. தமிழ்க் குழுக்கள் பல குடியிருந்த யாகூ குழுக்கள் சேவையில், 2019 இறுதியில் பழைய மடல்கள் பார்வைக்கு எட்டாமல் போயின. 2020 டிசம்பர் 15ஆம் தேதி சேவையே மூடப்பட்டது. எங்கள் குழு வேறோர் இடத்தில் இருந்தது. அந்த இடமும் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. பெரியவரும் மறைந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் அப்பாவின் எழுத்துகளைத் திரட்டியபோது என்னிடமும் கேட்டார்கள். என் பழைய கணினியில் தேடினேன். அவர் மடல் இல்லை. என் பதில் இருந்தது, அந்த ஒற்றை மேற்கோள் வரியுடன்.

வளையாபதி என்ற காப்பியத்தில் இன்று நமக்குக் கிடைப்பவை 72 பாடல்களே. அவையும் பழைய உரையாசிரியர்களும் தொகுப்பாசிரியர்களும் மேற்கோளாக முழுப் பாடலை எடுத்து எழுதியதால் கிடைத்தவை. குண்டலகேசியின் நிலை இன்னும் பரிதாபம். நீலகேசிக்கு உரை எழுதியவர் அதன் பாடல்கள் பலவற்றின் தொடக்கச் சொற்களை மட்டும் குறித்துவிட்டுப் போனார். முழுப் பாடலும் படிப்பவர் கையில் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். மிகச் சிக்கனமாக மேற்கோள் காட்டியவர் அவர். ஆர்எஃப்சி 1855 அவரை மெச்சியிருக்கும். நமக்குத்தான் பாடல் இல்லாமல் போயிற்று.

அந்த மடலைத் தேடுவதை நான் விடவில்லை. குழுவில் இருந்த பழைய நண்பர்களுக்கெல்லாம் எழுதினேன். ஈப்போவில் இருக்கும் ஒருவர், வட்டில் சேமித்து வைத்திருந்த பழைய மடல் ஒன்றை அனுப்பி வைத்தார். குழுவில் எப்போதும் திட்டு வாங்குபவர் எழுதிய மடல் அது. எதையும் வெட்டமாட்டார், மேலே ஒரு சொல் எழுதி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே தொங்கவிடுவார். பலமுறை நானே அவருக்கு விதியைச் சொல்லிக் கண்டித்திருக்கிறேன்.

மேலே "அருமை ஐயா" என்று இருந்தது. அதற்குக் கீழே, ஒவ்வொரு வரியின் முன்னும் மேற்கோள் குறியோடு, பெரியவரின் கடிதம் கங்காணியும் தாயாரும் தோட்டமும் ஒன்றும் குறையாமல் முழுதாக இருந்தது. குறிகளை ஒவ்வொன்றாக நீக்கி, அன்று மாலையே பிள்ளைகளுக்கு அனுப்பி வைத்தேன்.